குண்டூசியின் சம்மதம்

குண்டூசி மறுபடியும் மாட்டேன் என்றது.

சம்மதப் பெட்டியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சோணைமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மார்கழிப் பனியில் துடைக்க வேர்வை ஏது? ஆத்திரத்தைத்தான் துடைத்தான்.

"ஏண்டா, ஒனக்கு என்னதான்டா வேணும்?" என்று காளையைக் கேட்டான். "பருத்திக்கொட்டை ஆட்டி ஆட்டி என் கை காய்ச்சுப்போச்சு. கண்மாயில ஒன்னைய நீந்த விட்டு நீந்த விட்டு எனக்குச் சேத்துப்புண்ணு. ஒரு தடவை சரின்னு சொன்னா ஒன் கொம்பா ஒடிஞ்சிரும்?"

காளை அவன் தோளை நக்கியது. செவலை நிறம், குன்று மாதிரி திமில், முன்னால் வளைந்த கூரான கொம்பு. அந்தக் கொம்புக்காகத்தான் குண்டூசி என்ற பேர். இரண்டு கொம்புக்கும் நடுவில் நெற்றிப்பட்டை கட்டியிருந்தது. பட்டையிலிருந்து கிளம்பிய ஒயர் பெட்டிக்குள் போய் முடிந்தது.

"திட்டாதீங்க அண்ணே," என்றார் டாக்டர் பர்வீன். "திட்டினா மாடு இன்னும் முறுக்கிக்கும்."

"இதுக்கு மேல என்ன தாயி முறுக்க இருக்கு? செவப்புக்குக் கீழ இன்னொரு கலரு வச்சிருக்கீகளா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கும் அலுப்புத்தான். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்தவரை, பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தில் உட்கார வைத்து, வருகிற காளைகளையெல்லாம் சரியா, இல்லையா என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் அந்தச் சட்டத்தால் வந்தது. ஜல்லிக்கட்டு வேண்டும் என்று ஒரு கூட்டமும் வேண்டாம் என்று ஒரு கூட்டமும் கோர்ட்டுப் படியைத் தேய்த்துத் தீர்த்தபின், யாரோ ஒருவர், இத்தனை பேர் பேசுகிறோமே, மாட்டைக் கேட்டோமா என்று எழுந்து கேட்டுவிட்டார். கேட்பதற்கு அதற்குள் மெஷினும் வந்துவிட்டது. அதன்பிறகு, சம்மதம் சொல்லாத காளையை வாடிவாசலில் அவிழ்க்கக் கூடாது. பொலிக்கும் விடக் கூடாது. அதன் விந்தை எடுத்துச் சினை ஊசிக்கு அனுப்பவும் கூடாது. பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் போதாது, மணி அடிக்கும்வரை அணையாமல் நிற்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான் என்று சோணைமுத்துவே டீக்கடையில் சொல்லியிருக்கிறான். அவனை இந்த உலகத்தில் எவனும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. மாட்டையாவது கேட்கட்டும் என்றுதான் நினைத்தான். கேட்டால் இந்த மாடு இப்படிச் சதி பண்ணும் என்று கண்டானா?

வீட்டில் கட்டியிருக்கும்போது குண்டூசியின் ஆட்டம் சொல்லி மாளாது. எங்கோ கொட்டுச் சத்தம் கேட்டால் மூக்கணாங்கயிறு அறுகிற மாதிரி இழுக்கும். மண்மேட்டைக் கொம்பால் கிளறி ஊரெல்லாம் புழுதியாக்கும். சாணி கட்டியாக, மினுமினு என்று போடும். தோலில் ஓர் உண்ணி கிடையாது. அப்படிப்பட்ட மாடு, இங்கே வந்து பட்டையைக் கட்டியதும் அய்யர் வீட்டுப் பசு மாதிரி அசை போட்டுக்கொண்டு நிற்கும். சிவப்பு விளக்கு எரியும்.

செல்போன் அடித்தது. மலைச்சாமி. காளைக்குச் சொந்தக்காரர், சோணைமுத்து செங்கல் அறுக்கும் சூளைக்கும் சொந்தக்காரர்.

"என்னடா சொல்லுது?"

"மாட்டேங்குது மொதலாளி."

"அது மாட்டேங்குதா, நீ சொல்ல விட மாட்டேங்கிறியா? எனக்குப் பொறுமையில்லடா சோணை. பொங்கலுக்குள்ள பச்சை எரியணும். இல்லாட்டி அடிமாட்டு லாரிதான். ஓடாத, பொலிக்காத மாட்டுக்குத் தவிடு போட நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்?"

போனை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தான். "கறிக்குப் போறதுக்குச் சம்மதம் வேணாமா தாயி?"

"வேணாம். சட்டம் விளையாட்டுக்கும் இனவிருத்திக்கும்தான்."

"அப்ப ஓட மாட்டேன்னு சொன்னா அதைக் கேப்பாக. சாக மாட்டேன்னு சொன்னா கேக்க மாட்டாக."

டாக்டர் பட்டையை அவிழ்த்தார். "நீங்களாவது நேரா எங்கிட்டக் கேக்குறீங்க. நான் யார்கிட்டப் போய்க் கேக்க?"

வெளியே வரிசையில் அடுத்த காளை நின்றது. மெலிந்த உருப்படி. யாரோ இருமினால்கூடப் பின்னால் நகர்ந்தது. பட்டையைக் கட்டியதும் அது உடம்பெல்லாம் வெடவெடத்தது. பச்சை எரிந்தது, மணி அடித்தது. சோணைமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

---

"தண்ணி தெளிச்சீகளா?" என்று கேட்டாள் நாகஜோதி.

அவன் பெண்டாட்டி. கண்மாய்க் கரையில் இருக்கும் ஓர் அறை வீட்டின் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன தண்ணி?"

"கோயில்ல கெடாவுக்குத் தெளிப்பாகல்ல, மஞ்சத்தண்ணி. அதுமாதிரி."

சோணைமுத்துவுக்குப் புரியவில்லை. நாகஜோதி அரிவாள்மனையை நிறுத்திவிட்டு, இதுகூடத் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நான் கட்டம் போடுற கம்பெனிக்குப் போனேன்ல, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. தாலுகா ஆபீசுக்குப் பின்னால் ஒரு மாடியில், பெண்களாக உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற வீடியோவில் கட்டம் போட விட்டார்கள். இது மரம், இது சைக்கிள், இது குழந்தை. மெஷினுக்கு அப்படித்தான் பாடம் சொல்லிக் கொடுப்பார்களாம்.

"கடைசியா ஆடு மாடு வீடியோவா போட்டாக. மாடு மேயுது, ஆடு நிக்குது, கோயில்ல கெடா வெட்டுறது, எல்லாம். 'இந்த விலங்கு எந்த இடத்தில் சம்மதம் தெரிவிக்கிறதோ அந்த இடத்தில் கட்டம் போடவும்'னு எழுதியிருந்துச்சு. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். ஆடு எப்ப சம்மதம் சொல்லும்?"

"எப்ப சொல்லும்?"

"தலையில தண்ணி தெளிச்சதும் சிலுப்பும்ல! சிலுப்பிருச்சு, சாமி ஏத்துக்கிருச்சு, ஆடும் ஒத்துக்கிருச்சுன்னுதானே வெட்டுறோம்? அங்க போட்டோம் கட்டத்த."

"எல்லாருமா?"

"பின்னே? மதுரைப் பக்கம் இருந்து வந்த பிள்ளைக, ராமநாதபுரத்துப் பிள்ளைக, அத்தனை பேரும் சொல்லி வச்ச மாதிரி அங்கதான் போட்டோம். மேலதிகாரிக்குச் சந்தோசம் தாங்கல. இம்புட்டுப் பேரு ஒரே பதில் சொல்றீங்களே, அப்ப அது உண்மையாத்தான் இருக்கும்னு சொல்லி ஆளுக்கொரு டிபன் டப்பா குடுத்தாரு."

சோணைமுத்துவுக்குக் காலையில் வெடவெடத்த மெலிந்த காளை கண்முன் வந்தது.

"அப்ப ஒடம்பு நடுங்குனா அதுக்குப் பேரு சம்மதமா?"

"மெஷினுக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

"ஏண்டி, இதை இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீரு கேட்டீரா? 'மாடு மாட்டேங்குது, மாடு மாட்டேங்குது'ன்னு தெனம் வந்து என்கிட்ட எரிஞ்சு விழுந்தீரு. நானும் நெசமாவே மாடுதான் மாட்டேங்குதாக்கும்னு இருந்தேன்." மீனை எடுத்துச் சட்டியில் போட்டாள். "நம்ம மாடு பயந்தாத்தானே நடுங்கும்? அதுக்குத்தான் எமனே வந்து நின்னாலும் மோந்து பாக்குற குணமாச்சே."

---

மறுநாள் சொசைட்டிக் கட்டடத்துக்கு வெளியே குழாயடியில் நின்று குண்டூசியின் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினான். காளை சிலுப்பியது. அவன் ஓட்டமாக உள்ளே இழுத்துப் போனான்.

பட்டை ஏறியது. பச்சை மின்னியது. மின்னி அணைந்தது.

"நனைஞ்சிருக்கே?" என்றார் டாக்டர்.

"குளிப்பாட்டுனேன் தாயி. சுத்தமா வரட்டும்னு."

மறுபடி வெளியே, மறுபடி வாளி. மறுபடி பச்சை மின்னி அணைந்தது. ஒரு சிலுப்புக்கு ஒரு மின்னல்தான். மணி அடிக்கிற அளவுக்கு அது நிலைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் என்று அதற்கடுத்த நாள் விடியலில் கிணற்றடிக்குக் கொண்டுபோனான். காளை நனைந்தது, அவனும் நனைந்தான். அப்புறம் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கட்டி வாங்கி வந்து வாளியில் போட்டான். பொங்கல் நெருங்க நெருங்க வாளி கூடியது. குண்டூசி ஒருதரம்கூட அவனை முட்டவில்லை. இந்த ஆளுக்கு என்ன கேடு என்பதுபோல் பார்த்துக்கொண்டு, நனைந்துகொண்டு நின்றது. அந்தப் பார்வைதான் அவனுக்கு அடங்காத எரிச்சலைத் தந்தது.

"நான் ஒன்னைக் காப்பாத்தத்தான்டா பாக்குறேன், மடப்பயலே," என்றான் பல்லைக் கடித்தபடி.

போகிப் பண்டிகைக்கு முந்தின நாள், காலையில் தொட்டியில் வைத்த தவிட்டுத் தண்ணீரைக் குண்டூசி தொடவில்லை.

மலைச்சாமி அன்றைக்கென்று பார்த்து வெள்ளை வேட்டியும் கூலிங்கிளாசுமாக நேரிலேயே வந்துவிட்டார். கூடவே சூளை ஆட்கள் சிலபேர். "இன்னைக்கு ஒண்ணு பச்சை, இல்லாட்டி லாரி. லாரிக்காரனுக்குச் சொல்லிட்டேன்," என்றார். காளையை நடத்திக்கொண்டு போனார்கள். அது தலையைத் தொங்கப் போட்டபடி நடந்தது. 'பாரு, இன்னைக்கு அடங்கி வருது' என்று சூளை ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

பட்டையைக் கட்டினார்கள்.

பச்சை எரிந்தது. அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. மணி அடித்தது, நிற்காமல் அடித்தது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு பச்சையை யாரும் பார்த்ததில்லை.

"அடிச்சுட்டான்யா!" மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள்.

வெடிச் சத்தத்துக்குக் குண்டூசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் சோணைமுத்துவுக்கு உறைத்தது. அதன் காதைப் பிடித்தான். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. விலா எலும்பின் மேல் தோல் ஓயாமல் வெடவெடவென்று ஆடியது.

"மொதலாளி, காய்ச்சலு. மாட்டுக்குக் காய்ச்சலு."

"வாயக் கழுவு."

டாக்டர் அதற்குள் தெர்மாமீட்டரை எடுத்துவிட்டார். பார்த்துவிட்டு, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இதை நாளைக்கழிச்சு ஓட விட்டா வாடியைத் தாண்டுறதுக்குள்ள விழுந்துரும். நான் தகுதியில்லைன்னு எழுதுறேன்."

"எழுதுங்க டாக்டரம்மா, எழுதிப் பாருங்க," என்றார் மலைச்சாமி.

எழுதினார். பெட்டியின் திரையில் உடனே பதில் வந்தது. விலங்கு தன் விருப்பத்தைத் தெளிவாகத் தெரிவித்திருக்கும்போது அதை மீறி மருத்துவக் கருத்தைப் பதிவு செய்ய இயலாது. டாக்டர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே பதில்.

"பாத்தீகளா?" மலைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாடே சரிங்குது. நடுவுல நீங்க யாரு?"

"அது சரிங்கல மொதலாளி, அது நடுங்குது!" சோணைமுத்து கத்திவிட்டான். கத்திய வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினான். கட்டம் போடுகிற கம்பெனி, கோயில் கெடா, மஞ்சத்தண்ணி, டிபன் டப்பா, தான் ஊற்றிய வாளி, ஐஸ் கட்டி. சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. "நாந்தான் தாயி காய்ச்சலக் கொண்டாந்தேன். அந்தப் பச்சைக்கு ஆசப்பட்டு."

டாக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அதான்," என்றார், தனக்குத் தானே பேசுகிற மாதிரி. "போன வருசம் ஓர் ஊர்ல பச்சை வாங்குன காளை வாடிவாசல்லயே செத்து விழுந்துச்சு. விரும்பி வந்து வீரமரணம்னு மாலை போட்டாங்க. மத்த ஊருல மாடெல்லாம் வெளிய வந்து, ஓடாம நின்னு நடுங்குதுன்னு ஜனங்க ஊளையிட்டாங்க. பயந்த மாடா பாத்துப் பொறுக்கி, அதுகளோட விந்தையே எடுத்து ஊர்ப் பசுவுக்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டிருக்கோம். பயந்த மாட்டுக்குப் பயந்த கன்னு. இன்னும் கொஞ்ச காலத்துல திமிரோட ஒரு காளை மிஞ்சாது."

"இப்பவே மேல எழுதுங்க தாயி."

"எழுதாமயா இருப்பேன்? ஆனா எழுதி, அவங்க நம்பி, சரி பண்றதுக்குள்ள இந்த மாடு போயிரும்."

"யாரும் எதுவும் எழுதப் போறதில்ல." மலைச்சாமியின் குரல் தணிந்துவிட்டது. தணிந்தால்தான் அவரிடம் பயப்பட வேண்டும். "இது வெளிய தெரிஞ்சா இந்தச் சுத்துப்பட்டுல ஒரு வாடி தொறக்காது. டேய் சோணை, ஊர்க்காரன் ஒன் தோலை உரிச்சு அதுலயே கொட்டுக் கட்டுவான். சாமிக்கிட்டக் கேக்குற மொறையையே பொய்யிங்கிறியா நீ? இந்த மாடு ஓடும். ஒரு தடவை ஓடி, பேரு பட்டியல்ல ஏறிட்டாப் போதும். அப்புறம் இருந்தாலும் செத்தாலும் அதோட விந்து வெலை போகும். நான் விழாக் கமிட்டிக்குச் சொல்லிட்டு வர்றேன்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மறுபடி ஒரு சரம் வெடித்தது.

சோணைமுத்து காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓட விட்டால் சாவு. ஓடாமல் நிறுத்தினால் லாரி. கம்பளியைப் போர்த்திக் கதகதப்பாக்கி நடுக்கத்தை அடக்கினால் சிவப்பு எரியும். எரிந்தாலும் லாரிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சுவர். வாய்விட்டு அழக்கூட அவனுக்குக் கடுப்பாக இருந்தது.

"கேள்வியையாவது மாத்திக் கேக்க முடியாதா தாயி?" என்றான், என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமல்.

"கேள்வியை மாத்தி என்ன..." டாக்டர் பாதியில் நிறுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பினார். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். ஓட்டம், பொலி என்ற இரண்டுக்கும் அடியில், யாரும் தொடாமல் தூசி படிந்த மாதிரி இன்னும் ஒன்று கிடந்தது.

சோணைமுத்து எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினான். அறிவொளி வகுப்பில் நரை விழுந்தபின் கற்ற எழுத்து. "ஓ... ய்... வு. ஓய்வு. ஓய்வுன்னா?"

"வேலையிலிருந்து விலகுறது. இனி ஓட வேணாம், பொலிக்க வேணாம். விக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. மாடு தனக்குத் தானே சொந்தம். சட்டம் எழுதுனவங்க யாரோ நல்ல மனசோட சேத்திருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தர் இதைக் கேட்டதில்ல."

"அதைக் கேளுங்க! அதைக் கேளுங்க தாயி! எதைக் கேட்டாலும் இப்ப சரின்னுதானே சொல்லும்?"

டாக்டர் கையை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. "இதுவும் பொய்ச் சம்மதம்தான் அண்ணே. அவர் பண்ற அதே திருட்டைத்தான் நாமளும் பண்றோம்."

"அதுகிட்ட உண்மையா இதுவரைக்கும் யாரு எதைக் கேட்டா? காய்ச்சல் தீரட்டும். தீந்தப்பறம் ஓடணும்னு அதுவே சொன்னா, நான் கூட்டியாறேன். உசிரோட இருந்தாத்தானே சொல்லும்?"

டாக்டர் வாசலைப் பார்த்தார். அழுத்தினார்.

பச்சை. மணி.

சத்தம் கேட்டு உள்ளே வந்த மலைச்சாமிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கத்திய கத்தலில் சூளை ஆட்கள் வெடி கொளுத்துவதை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மாத்து என்றார். மாற்ற முடியாது என்றார் டாக்டர். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். போங்கள் என்றார் டாக்டர். கடைசியில் சோணைமுத்துவின் சட்டையைப் பிடித்தார்.

"என் மாட்ட என்கிட்ட இருந்தே பிடுங்கிட்டியாடா?"

"மாடே சரின்னுருச்சு மொதலாளி," என்றான்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு, உடனே இருமுவதுபோல் நடித்தான். மலைச்சாமி சட்டையை விட்டார். "சூளைப் பக்கம் ஒன் நெழல் விழுந்துச்சுன்னா பாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் கூலிங்கிளாஸ் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.

டாக்டர் காளைக்கு ஊசி போட்டார். போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னும் முடியல அண்ணே. ஓய்வு பெற்ற மாட்டுக்குப் பராமரிப்பாளர் ஒருத்தர் வேணுமாம். ஆள் பேரைப் பதியலைன்னா பழைய சொந்தக்காரர்கிட்டயே திரும்பப் போயிருமாம்."

"கவருமெண்டு பாக்காதா?"

"கவருமெண்டுதான் ஆளைக் கேக்குது."

சோணைமுத்து குண்டூசியைப் பார்த்தான். வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டை, மருந்து. இன்றைக்கு இருந்த சூளை வேலையும் போயிற்று. வீடு ஓர் அறை. அதில் நாகஜோதி ஒரு பக்கம் புரண்டால் அவன் மறுபக்கம் சுவரை முட்டுவான். அவனால் ஆகாது. மனசறிந்து யோசித்தால் ஆகாதுதான். ஆனாலும் அந்தக் காது சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"தாயி, நான் என்ன சொல்றேன்னா..."

"வாயால சொல்றது செல்லாது," என்றார் டாக்டர், சங்கடத்தோடு. "வெள்ளைத் தாள்ல கைநாட்டு வாங்கி ஏழை பாழைகளை ஏமாத்துறாங்கன்னு, இப்ப ஆளுங்க சம்மதத்துக்கும் பட்டைதான்." அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். காளையின் பட்டை மாதிரியேதான் இருந்தது. அளவு மட்டும் சின்னது.

"மனுசனுக்கும் அதே மெஷினா?"

"அதே மெஷின்தான்."

பட்டை நெற்றியில் ஏறியது. ஈரமாக, சில்லென்று இருந்தது. இந்த வாரம் முழுக்க மாட்டோடு சேர்ந்து நனைந்த உடம்பு. மலைச்சாமி பிடித்து உலுக்கிய உடம்பு. சோணைமுத்து பல்லைக் கடித்தான். ஆகும் என்று சொல்வதா, ஆகாது என்று சொல்வதா என்று அவன் இன்னும் முடிவு பண்ணவே இல்லை. கொஞ்சம் பொறுங்க, பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

மணி அடித்தது.

---

வீட்டு வாசலில் நாகஜோதி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"வேலையும் போச்சு. மாடும் வந்துச்சு. நல்லா இருக்கு கணக்கு. யாரக் கேட்டு இதக் கூட்டியாந்தீரு?"

"மெஷினு கேட்டுச்சு."

"என்னன்னு சொன்னீரு?"

"நான் ஒண்ணும் சொல்லல. அதுவாப் பச்சை எரிஞ்சுருச்சு."

நாகஜோதி கிட்டே வந்தாள். புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் குண்டூசியின் காதைப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி அவன் கழுத்துக்கு வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாக் கொதிக்குது," என்றாள். "இந்தச் சம்மதத்த வாங்கத்தான் அந்தப் பெட்டியும் ஒயருமா?"

அவனுக்கு வெடவெடவென்று பல் அடித்துக்கொண்டது. காளை முற்றத்தில் கால் மடக்கிப் படுத்தது. இடம் போதாமல் அதன் திமில் கதவின் பாதியை அடைத்தது.

அவள் அதைத் தாண்டி உள்ளே போய் இரண்டு சாக்கை எடுத்து வந்தாள். ஒன்றை மாட்டின் மேல் போட்டாள். மற்றதை அவன் மேல் விட்டெறிந்தாள்.

"படுங்க ரெண்டு பேரும். மொதல்ல காய்ச்சல் விடட்டும். விட்டப்பறம் நான் கேக்குறேன், ஒருத்தர் ஒருத்தராக் கேக்குறேன். அப்ப சொல்லுங்க, இருக்கீகளா போறீகளான்னு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? கஞ்சி வைக்கணும்." அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் நின்று, பெரிய பானையைத் தேடினாள். "என்னைய மட்டும் ஒரு பயலும் கேட்டுறாதீக."